ஐந்து முறை கேட்கப்பட்ட பெயர்

அடையாள அட்டையை ஆட்டக்காரனின் கன்னத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கிறார் காற்பந்துக் குழு நிர்வாகி உமேகாக்கி. ஒருமுறை பார்த்தது போதாது என்பதுபோல மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மீண்டும் பார்க்கிறார். “பேரு?” என்கிறார். பெயர் வருகிறது. “அப்பா பேரு? அம்மா பேரு? அம்மா போன் நம்பரு?” அவையும் வருகின்றன. ஒவ்வொன்றையும் தம் தாய்மொழி எழுத்தில் குறிப்பேட்டில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே அடுத்தவனை அழைக்கிறார். இருபத்திரண்டு பேருக்கும் இப்படித்தான். போட்டி நாளில் மட்டுமன்று. வெறும் பயிற்சி நாளிலும் இப்படித்தான்.

“என்ன கோச், பொண்ணு பாக்க வந்த மாதிரி மொறச்சு மொறச்சுப் பாக்கறீங்க? போன வாரம் பாத்த அதே மூஞ்சிதான்லா,” என்கிறான் கோல் காவலன் ஷர்வின்.

“போன வாரம், போன வாரம். இப்ப பேரு சொல்லு.”

சிரிப்பு எழுகிறது. அவர் சிரிப்பதில்லை. சிரித்தவர்களும் சற்று நேரத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்பது அங்கே நிற்கும் அனைவருக்கும் தெரியும். தெரியும் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செம்பாக்கா தோட்டத்துத் திடலுக்குப் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து செம்மண் சாலையில் கால்மணி நேரம் போக வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் புக்கிட் செந்தோசாவின் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பெயர்ந்து ஆண்டுகள் பல ஆயின. பிள்ளைகள் ரவாங் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். காற்பந்துக் குழு மட்டும் இன்னமும் செம்பாக்காவின் பெயரிலேயே ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அவர்கள் மோட்டாரிலும் காரிலுமாக வந்து இறங்கும்போது, ஐம்பத்தாறு வயது நிர்வாகி அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, மாட்டுச் சாணத்தை அள்ளி, உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கி, கோல் கம்பங்களை ஈரத்துணியால் துடைத்து வைத்திருப்பார். துவைத்து, எண் வரிசைப்படி மடித்த சட்டைகள் காரின் பின்பெட்டியில் இருக்கும். இடது முழங்காலில் இரண்டு நீண்ட தழும்புகள். உட்காரும்போது அந்தக் காலை மட்டும் நீட்டியே வைப்பார்.

உமேகாக்கி கென்ஜி என்பது முழுப்பெயர். தோட்டத்தில் அது மூன்று நாள்கூடத் தாங்கவில்லை; உமேஷ் ஆகிவிட்டது. மலாயில் காக்கி என்றால் கால். “பேர்லயே கால வெச்சிருக்கான் பாரு, பந்து எங்க போவும்?” என்று அன்றைக்குச் சிலர் வியந்ததுண்டு. அவருடைய தமிழ் திடலில் கற்ற தமிழ். ஏசுவதற்கும் ஏவுவதற்கும் வேண்டிய சொற்கள் முதலில் வந்தன. மற்றவை மெதுவாகச் சேர்ந்தன. மரியாதைப் பன்மை மட்டும் வந்து சேரவேயில்லை. கோயில் தலைவரையும் ‘நீ’ என்பார்; மாமியாரையும் ‘நீ’ என்பார்; யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ழகரம் அவர் நாவுக்கு வராது. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் வராது என்பதால் அந்தக் குறை வெளியே தெரிந்ததில்லை.

ஜப்பானில் மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் பிறந்தவர். கப்பல் பட்டறை ஒன்றின் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவரை, அவருடைய இருபத்தேழாம் வயதில், இங்கே இரண்டாம் பிரிவில் இருந்த ஒரு குழு இறக்குமதி ஆட்டக்காரராகக் கொண்டுவந்தது. முதற்பருவத்தில் ஒன்பது கோல், மறுபருவத்தில் பதினான்கு. இடக்காலால் அவர் வளைத்து அடிக்கும் பந்தைப் பார்க்கவே கோலசிலாங்கூரிலிருந்து லோரியில் ஆள்கள் வருவார்களாம். மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் முழங்கால் முறுக்கிக்கொண்டது. குழு அவரை விட்டது. ஊருக்குத் திரும்ப அவருக்கு மனமில்லை. ரவாங்கில் தம் நாட்டார் நடத்திய ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளரானார். அங்கே தரச்சோதனைப் பிரிவில் கங்கா இருந்தாள். கங்கா செம்பாக்கா தோட்டத்துப் பெண்.

அவளோடு அவர் முதன்முதலாகத் தோட்டத்துக்கு வந்த நாளில் வரவேற்பு ஏதும் இருக்கவில்லை. போர்க்காலத்தில் சயாமில் தண்டவாளம் போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டுபோன ஆள்களில் செம்பாக்காவைச் சேர்ந்தவர் முப்பத்தொருவர், திரும்பியவர் நால்வர். திரும்பாதவர் ஒருவரின் மகனான சன்னாசி என்ற முதியவர், லயத்து வாசலில் வழிமறித்து, “எங்கப்பன எங்கடா பொதச்சீங்க?” என்று கேட்டார். கங்கா அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.  உமேகாக்கி செம்மண்ணில் முழங்காலிட்டு நெற்றி தரையில் படக் கவிழ்ந்தார். சன்னாசி உள்ளே போய்ப் பசியாறிவிட்டு வந்து பார்த்தபோதும் அவர் அப்படியே கிடந்தார். “எந்திரிடா, முட்டி போயிரும்,” என்றாராம் சன்னாசி. முட்டி ஏற்கெனவே போயிருந்தது அவருக்குத் தெரியாது.

அன்று தொடங்கிய செல்வாக்கு. குழுவின் நிர்வாகிப் பொறுப்பை அடுத்த ஆண்டே அவரிடம் கொடுத்தார்கள். இருபத்து மூன்று ஆண்டுகளாகத் திருப்பி வாங்கவில்லை. புக்கிட் செந்தோசாவின் முடிதிருத்தகத்தில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவர் படம் தொங்குகிறது. கல்யாண மண்டபத்தில் மணமக்களுக்கு அடுத்தபடி அவரோடுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கென்ஜிராஜ் என்று பெயரிடப்பட்ட பிள்ளை அந்தத் தாமானில் ஒன்றுக்கு இரண்டு உண்டு.

அந்தப் புகழை நிலைநாட்டியது ஒரு தோல்வி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலிறுதியாட்டத்தில், செம்பாக்கா ஆட்டக்காரன் ஒருவனின் கையில் பட்டு வலைக்குள் போன பந்தை நடுவர் கோல் என்று அறிவித்துவிட்டார். உமேகாக்கி திடலுக்குள் ஓடி, தம் கையைத் தாமே அடித்துக் காட்டி, “கை! கை!” என்று கத்தினார். கோல் பறிபோயிற்று, ஆட்டமும் போயிற்று. ஒரு வாரம் அவரை ஏசித் தீர்த்தார்கள். அதன்பின் இன்றுவரை பெருமை பேசித் தீரவில்லை. “உமேசு வாயில பொய் வராதுப்பா. வரவே வராது,” என்பது அந்த வட்டாரத்தில் வழக்கு மொழியாயிற்று. அதை யாராவது சொல்லும்போது அவர் இப்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறார். தன்னடக்கம் என்று சொல்லி அதற்கும் புகழ்கிறார்கள்.

கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் கிண்ணப் போட்டிகளில் இங்கே ஒரு நடைமுறை உண்டு. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு நிர்வாகியும் தம் ஆட்டக்காரரின் அடையாள அட்டைகளைத் திரட்டி ஏற்பாட்டாளர் மேசையில் வைப்பார். பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டபின் அட்டைகள் அவரிடமே திரும்பி வரும். மேசையில் இருப்பவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. ஆகவே, பட்டியலில் உள்ள ஒருவன் வர முடியாமற்போனால் பட்டியலில் இல்லாத ஒருவன் அவனுடைய அட்டையில் இறங்குவான். ‘கார்டு ஆட்டம்’ என்று அதற்குப் பெயர். செய்யாத குழு கிடையாது, செம்பாக்காவைத் தவிர.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில், செம்பாக்கா முதன்முறையாக அம்மன் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. தற்காப்பின் முதுகெலும்பு பவனேஷ். முந்திய நாள் அரையிறுதியில் ஆடியவன். அவனுடைய அட்டை மற்றவற்றோடு நிர்வாகியின் பையிலேயே இருந்தது. காலையில் குழுச் செயலாளர் சத்தியசீலன் ஓடிவந்தார்.

“அண்ணே, பவனேஷுக்கு ஓவர்டைம் போட்டுட்டானுங்க. வர முடியாதாம். அவன் இல்லாம அந்த ரெண்டு ஸ்ட்ரைக்கர யாரு தடுக்கறது?”

“யாரும் இல்ல. அப்ப தோக்கறோம்,” என்றார் உமேகாக்கி.

“சரண் நிக்கறான் அண்ணே. அவன் கார்டுதான் லிஸ்ட்ல இல்ல, கால் இருக்குல்ல? ஒங்களுக்காகக் கேக்கறேன். இருபத்தோரு வருசம் காத்திருந்தாச்சு. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு.”

சிங்கப்பூரில் வேலை முடிந்து, பட்டியல் மூடப்பட்ட பிறகு திரும்பியிருந்தான் சரண். வயது இருபத்துநான்கு. காலுறையை ஏற்கெனவே மாட்டிக்கொண்டு பின்னால் நின்றான். “கோச், ஒரு வாட்டிலா. நான் வாயே தொறக்க மாட்டேன். என்னக் கேட்டா பவனேஷ்ன்னு தலைய ஆட்டிட்டுப் போறேன்.”

உமேகாக்கி பையிலிருந்து பவனேஷின் அட்டையை எடுத்தார். “சரி,” என்றார்.

முதற்பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது சரண் விழுந்தான். பந்து அவனுக்கு அருகில்கூட இல்லை. நடந்துகொண்டிருந்தவன் நின்றான், குந்தினான், பக்கவாட்டில் சாய்ந்தான். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். உமேகாக்கி மண்டியிட்டு அவன் மார்பை அழுத்தத் தொடங்கியவர், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

வண்டியின் கதவருகே உதவியாளர் மலாயில் பெயரைக் கேட்டார். ஏற்பாட்டுக் குழுத் தலைவர் பட்டியலும் கையுமாகத் தோளை இடித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் ஆட்டம் அந்த இடத்திலேயே பறிபோகும். “பவனேஷ்,” என்றார் உமேகாக்கி. வண்டி புறப்பட்டபின் அதே உதவியாளர் தாளை நிரப்புவதற்காக மறுபடியும் கேட்டார். அங்கே தோளை இடித்துக்கொண்டு நிற்க எவருமில்லை. இருந்தும், “பவனேஷ்.” மருத்துவமனையின் பதிவு முகப்பில் பேச்சே தேவைப்படவில்லை, பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினார். கதவைத் திறந்துகொண்டு வந்த மருத்துவர், “பவனேஷோடு வந்தவர் நீங்களா?” என்று கேட்டபோது தலையசைத்தார். மருத்துவர் தம் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, மிக மென்மையாக, இரண்டே வாக்கியங்களில், சொல்ல வேண்டியதைச் சொன்னார். கொண்டுவரும்போதே உயிர் இருக்கவில்லை.

அதன்பின் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. சத்தியசீலன், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில்: “அண்ணே, ஒண்ணுக்கு சைபர், நாம முன்னுக்கு. இன்னும் பதினஞ்சு நிமிசம். பையன் எப்படி இருக்கான்? ஆடவா, நிறுத்தவா?”

உமேகாக்கி அதை இருமுறை படித்தார். பிறகு, “ஆடுங்க,” என்று தட்டி அனுப்பினார்.

அனுப்பிய சிறிது நேரத்தில் காவலர் ஒருவர் அட்டையோடு வந்தார். இதிலுள்ள பெயரும் முகவரியும் சரிதானா, வீட்டாருக்கு ஆளனுப்ப வேண்டும் என்றார். ஐந்தாம் முறையாக அது கேட்கப்பட்டது. “சரி,” என்றார் உமேகாக்கி.

புக்கிட் செந்தோசாவில் அந்த முகவரியில் பவனேஷின் தாய் அன்பரசி கோழிக்கறிக்கு மசாலை அரைத்துக்கொண்டிருந்தார். காவல் வண்டி வந்து நின்றபோது மணி ஆறாகவில்லை. அவரது அலறலைக் கேட்டு இரண்டு வரிசை தள்ளியிருந்த வீட்டிலிருந்து முதலில் ஓடிவந்தவர் காளியம்மா. சரணின் தாய். பவனேஷ் அன்று ஆடப் போனதாகவே இருவரும் நினைத்திருந்தார்கள். அவனுக்கு ஓவர்டைம் வந்தது வீட்டுக்குத் தெரியாது. வேலை நேரத்தில் அவனுடைய கைப்பேசி தொழிற்சாலையின் பெட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கும். அடித்து அடித்துப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. எடுக்காததே சாட்சியாகப் போயிற்று.

காளியம்மா அன்பரசியைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டார். முடியைக் கோதிவிட்டார். “அழுவு அன்பு, நல்லா அழுவு. அடக்காத. நான் இருக்கேன்ல?” என்றார். இடையிடையே தம் மகனையும் அழைத்துப் பார்த்தார். “சரணும் எடுக்க மாட்டேங்கறான். பவனேஷ் கூட ஆஸ்பத்திரியிலதான் நிப்பான். கூட்டாளிய விட்டுட்டு வர மாட்டான் என் புள்ள,” என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அப்படிக் கழிந்தது.

ஏழு மணிக்கு மேல் அன்பரசியின் கைப்பேசி ஒலித்தது. காளியம்மாதான் எடுத்தார். “யாரு? பவனேஷா? டேய், நீயாடா?” கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, “அன்பு! ஒன் புள்ள உசிரோட இருக்கான்டி! மாரியாத்தா, காப்பாத்திட்டடி தாயே!” என்று கூவினார். வாய்விட்டுச் சிரித்தாராம். மறுமுனையில் பவனேஷ் கேட்டுக்கொண்டே இருந்தான்: “யாரு காளியம்மா ஆன்ட்டியா? ஆன்ட்டி, சரண் எங்க? ஆன்ட்டி, அவன்தான் இன்னிக்கு என் கார்டுல ஆடுனான்.”

அந்த ஒன்றரை மணி நேரத்தை உமேகாக்கி பலருடைய வாய்மொழியிலிருந்து துண்டு துண்டாகத் திரட்டி வைத்திருக்கிறார். எவர் எங்கே உட்கார்ந்திருந்தார், எந்தச் சொல்லை எப்போது சொன்னார் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்து, குழுவினர் சட்டை மாற்றாமல் ஏழு மணியளவில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். “மாறிப் போச்சு. பயத்துல கார்டு மாறிப் போச்சு,” என்றார். காவல் நிலையத்திலும் அதையே சொன்னார். அவர் வாயில் பொய் வராது என்று எல்லாருக்கும் தெரியும் அல்லவா? நம்பினார்கள். ஈமச்சடங்கில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள நாலு பேர் முந்தினார்கள். கிண்ணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் சொன்னபோது, “அந்த மனுசன் கிட்ட யாரு போயிக் கேக்கறது? நீ போறியா?” என்று மற்றவர்கள் அவர் வாயை அடைத்தார்கள். கிண்ணம் செம்பாக்கா மன்றத்தில் சரணின் படத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. பதவி விலகல் கடிதத்தை இரண்டு முறை கொடுத்தார். இரண்டு முறையும் சத்தியசீலன் அவர் கண்ணெதிரிலேயே அதைக் கிழித்துப் போட்டார்.

சென்ற மாதம் சத்தியசீலன் பதாகையின் மாதிரி ஒன்றைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினார். ‘சரண் நினைவுக் கிண்ணம்’. ஒரு மூலையில் சரண். நடுவில், ஆளுயரத்துக்கு, கைகட்டி நிற்கும் உமேகாக்கி.

“ஏன் என் மூஞ்சி பெரிசு?”

“ஒங்க மூஞ்சி இருந்தாத்தான் அண்ணே ஆளு வரும். அந்தப் பையன யாருக்குத் தெரியும்?” என்றவர், தாம் சொன்னதைத் தாமே கேட்டுச் சற்றுத் தடுமாறி, “காளியம்மாக்காதான் கிண்ணம் எடுத்துக் கொடுக்கப் போவுது. ஒங்களுக்குத்தான் மொத மால போடணும்ன்னு அதுவே சொல்லுச்சு. பாருங்க, எவ்ளோ பெரிய மனசு,” என்றார்.

அன்று வீட்டுக்குப் போனவர் சாப்பிடவில்லை. கங்காவுக்குக் காரணம் தெரியும். உலகத்தில் அவளிடம் மட்டும்தான் அவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், அந்தக் குறுஞ்செய்தி உட்பட.

“சொல்லணும்,” என்றார்.

“சொல்லி என்னத்தக் காணப் போறீங்க?” கங்கா தட்டை நகர்த்தி வைத்தாள். “காளியம்மாக்கா இப்பத்தான் ரெண்டு வாய் சோறு திங்குது. கார்டு மாறிப் போச்சு, தலையெழுத்துன்னு ஒரு மாதிரி மனசத் தேத்திக்கிச்சு. ஒங்க பாரம் கொறையணும்ன்னு அது தலையில எறக்கி வெக்கப் போறீங்களா?”

 ஈராண்டுகளாக அவர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான்.

“என்னப் பத்தி நெனச்சீங்களா? கடைக்குப் போனா, கோயிலுக்குப் போனா, நான் யாரு மூஞ்சியில முழிக்கறது? ஜப்பான்காரனக் கட்டுனப்பவே பாதிப் பேரு பேச்ச நிறுத்துனாங்க. திரும்ப வந்தது ஒங்களாலதான். ஒங்களாலயே போவணுமா?”

“மால போட வெக்க முடியாது கங்கா,” என்றார் உமேகாக்கி. “அது கையால வேணாம்.”

 கங்கா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

கிண்ணப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்த ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி முடிந்ததும் அவர் நேராகக் காளியம்மாவின் வீட்டுக்குப் போனார். காலணியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். தாமான் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் தேய்த்துக் கொடுப்பது காளியம்மாவின் வேலை. மேசையைச் சுற்றி வெள்ளைச் சட்டைகள் குவிந்திருந்தன.

“வாங்கண்ணே, உக்காருங்க. பசியாறியாச்சா? மால கட்டச் சொல்லிட்டேன். ரோசாப்பூ வெச்சே கட்டச் சொல்லியிருக்கேன்.”

அவர் உட்காரவில்லை. குனியத் தொடங்கினார். இடுப்பு பாதி வளைந்திருந்தபோது காளியம்மா, “எதுக்கு இப்பக் குனியறீங்க? என்னன்னு நிமிந்து சொல்லுங்க,” என்றார்.

நிமிர்ந்தார். “கார்டு மாறல,” என்றார்.

காளியம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“பயம் இல்ல. மறக்கல. தெரிஞ்சு சொன்னேன். வண்டி கதவுல கேட்டான், பவனேஷ் சொன்னேன். வண்டி உள்ள கேட்டான், சொன்னேன். கவுன்ட்டர்ல கார்டு குடுத்தேன். டாக்டர் கேட்டான். போலிஸ் கேட்டான். அஞ்சு வாட்டி. அஞ்சு வாட்டியும் சரண் பேரு என் வாய்ல இருந்துச்சு. சொல்லல. போலிஸ் கேக்கும்போது சரண் இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

தேய்ப்புப்பெட்டி ஒரு சட்டைக் கையின் மேல் நின்றது. துணி கருகும் வாடை எழுந்தது. காளியம்மா அதை எடுத்து நிறுத்தி வைத்து, சுவரில் விசையை அணைத்தார்.

“போலிஸ் எங்க போவுதுன்னு தெரியுமா?”

“தெரியும். அன்பரசி வீடு.”

“நான் அங்கதான் இருந்தேன்.”

“தெரியும்.”

“அவள மடியில போட்டுக்கிட்டு இருந்தேன். ஒன் புள்ள போனா என்ன, என் புள்ள இல்லையான்னு சொன்னேன் அவகிட்ட. என் வாயால சொன்னேன்.” குரல் உயரவில்லை. ஏதோ கடையில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். “அப்ப நீங்க என்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“நாற்காலியில உக்காந்து இருந்தேன். சீலன் மெசேஜ் போட்டான். நிறுத்தவா, ஆடவா கேட்டான். டாக்டர் சொல்லிட்டுப் போய்ட்டான் அப்ப. நான் ஆடுங்க சொன்னேன்.”

வெளியே ரொட்டிக்காரனின் மோட்டார் மணியடித்துக்கொண்டு போயிற்று. காளியம்மா கருகிய சட்டையை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். யாரோ ஒரு பிள்ளையின் இரண்டாம் வகுப்புச் சட்டை. கருகிய இடத்தில் விரல் நுழைந்தது.

அந்த ஆட்டத்தின் முடிவைப் பற்றி அந்த வீட்டில் எவரும் இதுவரை பேசியதில்லை. பேச எவருக்கும் துணிவு வந்ததில்லை, காளியம்மாவும் கேட்டதில்லை, மன்றத்துப் பக்கம் போனதுமில்லை.

“ஜெயிச்சீங்களா?” என்றார்.

உமேகாக்கி மறுபடியும் குனியத் தொடங்கினார்.

“கேக்கறேன்ல? ஜெயிச்சீங்களா?”

“ஜெயிச்சோம். ஒண்ணுக்கு சைபர்.”

காளியம்மா தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். சட்டையை நாலாக மடித்து மேசையின் ஓரத்தில் வைத்தார். உமேகாக்கியைக் கடந்து வாசலுக்குப் போனார். வீட்டைப் பார்த்துக் கிடந்த அவருடைய காலணி இரண்டையும் குனிந்து கையில் எடுத்து, முனைகள் தெருவைப் பார்க்கும்படி, ஒன்றோடொன்று சரியாக ஒட்டினாற்போல் திருப்பி வைத்தார்.